வியாழக்கிழமை வரப்போகும் போத்தல்

புதிதாய் வந்திருக்கும் தம்பிக்கும் தங்கச்சிக்கும்,

இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெறுகிறவள் எழுதுகிறேன். உத்தியோக பாஷையில் இதை இடமாற்றம் என்பார்கள். ஆனால் இந்த ஆய்வுகூடத்தில் ஆறு வருடம் இருந்த எவருக்கும் இது ஓய்வுதான். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. நீங்கள் அதற்குள் இருந்துகொண்டுதானே வாசிக்கிறீர்கள்.

ஒப்படைப்புப் பட்டியல் மேசையில் இருக்கிறது. கதிரை மூன்று, அதில் உட்காரக்கூடியது ஒன்று. அலுமாரித் திறப்பு ஒன்று, அது எந்த அலுமாரியையும் திறக்காது. மின்விசிறி ஒன்று, அது சுற்றும், காற்று வராது. பட்டியலில் எழுத இடமில்லாத ஒன்றும் மிச்சம் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை காலை நெஞ்சு நோயாளர் வாட்டில் இருந்து ஒரு போத்தல் வரும். நெடுங்கேணியில் இருந்து வரும் ஒரு அக்காவின் நுரையீரலைச் சுற்றிக் கட்டியிருக்கும் தண்ணீர். நான் அன்றைக்குக் கொழும்பில் இருப்பேன். நீங்கள் இருவரும் இங்கே இருப்பீர்கள். அதனால் இந்தக் கடிதத்தை வியாழனுக்கு முன் வாசித்து முடியுங்கள். வெள்ளிக்கிழமை வாசித்தால் அது இலக்கியம்.

நான் இங்கே வந்தபோது எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பட்டம் இருந்தது, அதில் முதல் வகுப்பு இருந்தது, அதை எல்லோருக்கும் சொல்லும் நல்ல பழக்கமும் இருந்தது. கலத்தின் மேலே இருக்கும் ஒரு புரதம் உள்ளே இருக்கும் இன்னொரு புரதத்தைத் தட்ட, அது அடுத்ததைத் தட்ட, கடைசியில் கலம் இரண்டாகப் பிரியும் அந்தப் பாதை முழுவதையும் அம்புக்குறி போட்டு ஒரே பக்கத்தில் வரைந்து காட்டுவேன். அந்த அம்புக்குறிகளில் ஒன்றின் நுனியில் ஒரு மனிசி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பாள் என்று எந்த விரிவுரையிலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பரீட்சைக்கு வராது என்று விட்டிருப்பேன்.

நம்முடைய வேலை உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தை உங்கள் அம்மா எடுத்து வாசிக்கக்கூடும், அதனால் அவவுக்காகச் சொல்கிறேன். நோயாளியின் உடம்பில் இருந்து எடுத்த இழையத் துண்டை மெழுகுக்குள் பதித்து ஒரு சின்னக் கட்டையாக்குவோம். அதற்குப் பெயர் புளொக். புளொக்கை மெஷினில் பூட்டி, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் போட்டு டொக்டரிடம் கொடுப்போம். அவர் பார்த்து இது என்ன நோய் என்று சொல்வார். சீவுகிறவளின் பெயர் எங்கேயும் வராது. இந்த அநியாயத்தை ஈடுகட்ட நான் சீவலை ஒரு கலையாக வளர்த்திருந்தேன்.

முதல் வருடம் ஏழாம் மாதத்தில் ரஞ்சிதமலரின் துண்டு வந்தது. நாற்பத்தேழு வயது. கச்சானும் உழுந்தும் போடுகிறவர், சொந்த உழவு மெஷினைத் தானே ஓட்டுகிறவர். மாதக்கணக்கில் இருமல். முதலில் பனி என்றார்கள், பிறகு கச்சான் தூசி என்றார்கள், பிறகு காசமோ என்று சளியைச் சோதித்தார்கள். புகை பிடிக்காத பொம்பிளைக்கு நுரையீரலில் புற்றுநோய் வரும் என்று நினைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவ்வளவு நல்ல மனம். கடைசியில் எங்கள் பெரியாஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் ஊசி விட்டு இழையம் எடுத்தார்கள். ஊசி போன ஓட்டையால் காற்று ஒழுகி நுரையீரல் சுருங்க, நாலு நாள் நெஞ்சில் குழாயோடு கிடந்தார். அந்த நாலு நாளுக்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்தது, உடைந்த இடியப்ப நுனி மாதிரி மூன்று துண்டு.

இனி என்னுடைய கலைச்சேவை. புளொக்கை மெஷினில் பூட்டும் ஒவ்வொரு தரமும் அது போன தரம் இருந்த சரிவில் இருக்காது. மட்டம் வரும்வரை கொஞ்சம் சீவித் தள்ள வேண்டும். டொக்டர் முதலில் ஒரு சாயம் கேட்டார். பூட்டினேன், மட்டம் எடுத்தேன், சீவினேன். இரண்டு நாளால் இன்னொன்று கேட்டார். பூட்டினேன், மட்டம் எடுத்தேன், சீவினேன். அடுத்த கிழமை ஒன்று, அதற்கடுத்த கிழமை ஒன்று. ஒவ்வொரு தரமும் முதல் வந்த பத்துப் பன்னிரண்டு சீவல்கள் எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றில் சுருக்கம், ஒன்றில் கீறல், ஒன்றில் மூலை மடிந்திருந்தது. கலியாண அல்பத்துக்குப் படம் தெரிவுசெய்வது போல் தெரிவுசெய்து, மிச்சத்தைத் தட்டில் தள்ளிவிட்டேன். மத்தியானம் துடைத்துக் கொட்டினேன்.

டொக்டர் கண்ணாடியைப் பார்த்து, “கிளீன்” என்றார். அவர் ஆட்களைப் பாராட்டுவதில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவுக்குச் சொன்னேன்.

நுரையீரல் புற்றுநோய்தான் என்று ரிப்போர்ட் போனது. கிளினிக் டொக்டர் அடுத்ததாக மரபணுச் சோதனை எழுதினார். அது கொழும்பில்தான் செய்வார்கள். புளொக்கைப் பெட்டியில் வைத்து அனுப்பினோம். அடுத்த நாளே ரஞ்சிதமலரும் புருஷன் தவராசாவும் ஆய்வுகூட யன்னலுக்கு வந்தார்கள். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூச்சு எடுத்த பிறகுதான் ரஞ்சிதமலர் அக்கா கதைத்தார்.

“என்ர கட்டியை வச்சிருக்கிற பிள்ளை நீரோ?”

“ஓம் அக்கா. அது இப்ப கொழும்புக்குப் போட்டுது.”

“நான் இன்னும் கொழும்பு பாத்ததில்லை. எனக்கு முதல் அது போட்டுது.”

தவராசா அண்ணை குனிந்து யன்னலுக்குள் பார்த்தார். “புற்றுநோய் எண்டு சொல்லியாச்சு. இனி என்னத்தைத் துப்பறியிறியள்?”

எனக்குப் படிப்பிக்கப் பிடிக்கும். “அண்ணை, உங்கட போனில குடும்பக் குறூப் இருக்கோ?”

“இருக்கு. கனடாவில இருக்கிற மச்சான் விடிய வெள்ளன பூப்படம் போடுவார்.”

“அப்ப சுகம். உடம்பில ஒவ்வொரு கலத்திலயும் உப்பிடி ஒரு குறூப் இருக்கு. கலத்துக்கு வெளிய தலையை நீட்டிக்கொண்டு ஒரு புரதம் நிக்கும். காயம் மாற வேணும், புதுக் கலம் வேணுமெண்டால் உடம்பு அதுக்கு ஒரு செய்தி அனுப்பும். வளரு எண்டு. அது உள்ளுக்கு நிக்கிற புரதத்துக்கு ஃபோர்வேர்ட் பண்ணும், அது அடுத்ததுக்குப் பண்ணும், கடைசியா நடுவில இருக்கிற பெரியாளுக்குப் போகும். அவர் கலத்தை ரெண்டாப் பிரிப்பார்.”

“ஆர் அனுப்பினதெண்டு ஒருத்தரும் பாக்கிறேல்லையோ?”

“உங்கட குறூப்பில பாக்கிறவையோ?”

நான் தொடர்ந்தேன். “இந்த நோயில சிலபேருக்கு அந்த வெளிய நிக்கிற புரதம் பிழைச்சுப்போகுது. உடம்பு ஒண்டும் சொல்லாமலே அது வளரு, வளரு, வளரு எண்டு அனுப்பிக்கொண்டே இருக்கும். உள்ளுக்கு இருக்கிறவையும் மடையர் மாதிரி ஃபோர்வேர்ட் பண்ணிக்கொண்டு இருப்பினம்.”

“அப்ப மச்சானைக் குறூப்பால தூக்கிவிட்டால் சரிதானே” என்றார் அக்கா.

ஒரு வருட விரிவுரையை ஒரு வசனத்தில் முடித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

“அதுக்குக் குளிசை மருந்து இருக்கு அக்கா. அது போய் அந்தப் புரதத்தின்ர வாயை அடைக்கும். ஆனா உங்களில கூத்தாடுறது அந்த மச்சான்தானோ, வேற ஆளோ எண்டு முதல்ல பாக்கோணும். ஆள் மாறினால் குளிசை வேலை செய்யாது. அதுதான் சோதனை.”

“மச்சான்தான் எண்டால்?”

“ஊசி மருந்து வேண்டாம். வீட்ட இருந்து குளிசை குடிக்கலாம்.”

“உழவு மெஷின் ஓடலாமோ?”

“ஓடலாம்” என்றேன். எவ்வளவு சுகமாக வாயில் வந்தது அந்தச் சொல்.

அக்கா வாங்கில் போய் உட்கார்ந்த பிறகு அண்ணை குரலைத் தாழ்த்தினார். “பிள்ளை, இவ ஒரு நாளும் புகைக்கேல்லை. நான்தான் முப்பது வருசமாச் சுருட்டு. வீட்டுக்குள்ள இருந்துதான் பத்துவன். என்ர புகைதானே இது?”

“இந்தப் புரதம் பிழைக்கிறதைக் கூடுதலாப் புகைக்காத ஆக்களிலதான் காணுறம் அண்ணை. உங்கட சுருட்டுத்தான் எண்டு நான் சொல்லமாட்டன். இல்லையெண்டு சத்தியமும் பண்ணமாட்டன்.”

வாங்கில் இருந்து அக்காவின் குரல் வந்தது. “பிள்ளை, அந்தாளுக்கு இல்லையெண்டு சொல்லிப்போடாதேயும். இப்பத்தான் சுருட்டை விட்டிருக்கு.”

ஏழு நாளில் கொழும்பில் இருந்து போன் வந்தது. தமிழ் கதைக்கும் ஒரு பெண் குரல். அவளுடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். எனக்குத் தெரிந்து அவள்தான் எனக்கு வாய்த்த ஒரே ஆசிரியை. என்னைவிட இரண்டே வயது மூத்தவள் என்பது பிறகு தெரிந்து இன்னும் எரிந்தது.

“உங்கட பார்சல் கிடைச்சுது. நன்றி.”

“ரிசல்ட் எப்ப வரும்?”

“மெழுகு நல்ல தரம். ரெண்டு மெழுகுதிரி வாக்கலாம். ஆனா நாங்கள் இங்க கட்டி பாக்கிற ஆக்கள். கட்டி ஏதும் மிச்சம் இருந்தால் அதையும் அனுப்பிவிடுங்கோ.”

வைத்துவிட்டாள். நான் கடைசியாகச் சீவிய கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். சாம்பல் தூவினது மாதிரி அங்கே ஒன்று இங்கே ஒன்று. மூன்று இடியப்ப நுனியையும் நான் தட்டில் தள்ளி, துடைத்து, கொட்டி முடித்திருந்தேன். மிஞ்சியது மெழுகு.

இந்த இடத்தில் நிதானமாக வாசியுங்கள், ஏனென்றால் இந்தக் கட்டத்துக்கு நீங்களும் வருவீர்கள். வராதவர்கள் சீவாதவர்கள். பயத்தில் என் மூளை அன்றைக்கு அபாரமாக வேலை செய்தது. பரிசோதனைக் கோரிக்கையை முடித்துவைக்கும் படிவத்தில் காரணம் எழுத ஒரு கோடு இருக்கும். அதில் ‘இழையம் போதாது’ என்று எழுதினேன். பொய் இல்லை, கவனித்தீர்களா. போதாதுதான். இழையம் தானாக வந்தது, தானாகப் போதாமல் போனது, நடுவில் ஒருவரும் இல்லை. வாசிக்கிறவர்கள் ஊசி போட்ட டொக்டரைத்தான் நினைப்பார்கள். அவருக்கு இதெல்லாம் பழக்கம். ஒரு பிரதியைக் கொழும்புக்கு ஈமெயில் பண்ணிவிட்டு பால் விடாத பிளேன்ரீ குடிக்கப் போனேன்.

பாதி குடிக்க முதல் போன்.

“போதாது எண்டு எழுதியிருக்கிறியள். எத்தினை துண்டு வந்தது?”

“மூண்டு.”

“எவ்வளவு நீளம்?”

சொன்னேன்.

“அது போதுமே. எங்க போனது?”

பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“எத்தினை தரம் பூட்டினனீங்கள்?”

“நாலு.”

“நாலு தரமும் மட்டம் எடுத்தனீங்கள்.”

“ஓம்.”

“வடிவா ஒண்டு வாறவரைக்கும் சீவினனீங்கள்.”

“ஓம்.”

“என்ன வகுப்பு?”

“எது?”

“டிகிரி.”

“முதல் வகுப்பு.”

“அதுதானே பாத்தன். ரெண்டாம் வகுப்புக்காரர் இவ்வளவு வடிவாச் சீவமாட்டினம்.”

எனக்குக் கண் கலங்கியது. அவள் அதற்கு இடம் தரவில்லை.

“இஞ்ச கேளுங்கோ. போதாது எண்டு எழுதினால் கிளினிக்கில என்ன நினைப்பினம்? ஊசியில வந்தது காணாதெண்டு. அந்த மனிசிக்குத் திரும்ப ஊசி. திரும்ப ஓட்டை. இல்லாட்டி, இனி ஏலாது எண்டு சோதனையையே விட்டுடுவினம். நான்தான் சீவி முடிச்சுப்போட்டன் எண்டு எழுதினால், வேற எங்க கட்டி கிடக்கெண்டு தேடுவினம். நீங்கள் எழுதின வசனம் தேடுறதை நிப்பாட்டுது. விளங்குதோ?”

“விளங்குது.”

“ஆளுக்கு நெஞ்சில தண்ணி இருக்கோ?”

“இருக்கு. வாட்டில வச்சு எடுக்கிறவை.”

“எடுத்து?”

“கொஞ்சம் சோதனைக்கு வரும். மிச்சம் வாளிக்குள்ள ஊத்துவினம்.”

“அந்த வாளிக்குள்ளதான் உங்கட கட்டி நீந்துது” என்றாள். வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது சரி. நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கட்டினால் புற்றுநோய்க் கலங்கள் அதற்குள் உதிர்ந்து மிதக்கும். தண்ணீரை மெஷினில் வேகமாகச் சுழற்றிக் கீழே படிவதை மெழுகில் பதித்தால் அதுவும் ஒரு புளொக். நாங்கள் அதைப் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறோம். வாட்டில் அதை வாளியில் ஊற்றுவதை வாசலில் நின்று பார்த்தும் இருக்கிறோம். இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்திருந்தும் ஒன்றையொன்று அறிமுகப்படுத்தவில்லை.

டொக்டரின் அறைக்குப் போய் முழுவதையும் சொன்னேன். அவர் மைக்கிரோஸ்கோப்பில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கிளீன் எண்டு சொன்னது நான்தானே” என்றார் கடைசியில்.

“ஓம் சேர்.”

“நாலு சாயத்தையும் ஒரே நாளில கேட்டிருக்கலாம். நானும் கேட்கேல்லை.” படிவத்தை வாங்கி என் வசனத்தை வெட்டினார். ‘ஆய்வுகூடத்தில் சீவி முடிந்துவிட்டது. நெஞ்சு நீரில் முயற்சிக்கிறோம்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். “பேஷண்டுக்கு ஆர் சொல்லுறது?”

நான் கதவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அறையில் வேறு ஒருவரும் இருக்கவில்லை.

நெஞ்சுத் தண்ணீர் எடுக்கும் நாளான வியாழக்கிழமை வாட்டுக்குப் போனேன். இந்தத் தரம் அக்கா நடந்து வரவில்லை, தள்ளுகதிரையில் கொண்டுவந்திருந்தார்கள். கட்டிலில் இருந்தபடி முன்னால் மேசையில் தலையணை போட்டு அதில் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுமாம். அண்ணை முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். கட்டிலுக்குக் கீழே நீல வாளி தயாராக இருந்தது.

“அக்கா, முதல் எடுத்த துண்டு முடிஞ்சுபோச்சு.”

“கொழும்பில முடிச்சுப்போட்டினமோ?”

கேள்வியிலேயே எனக்குக் கதவு திறந்து வைத்திருந்தார். கொழும்பு தூரம். கொழும்பு என்ன செய்தாலும் வன்னியில் ஒருவரும் ஆச்சரியப்படமாட்டார்கள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் நான் அந்த வாட்டில் நல்ல பிள்ளையாகவே வெளியே போகலாம்.

“இல்லை அக்கா. நான்தான் முடிச்சுப்போட்டன்.”

“என்ன, கறி வச்சனீரோ?”

“வடிவா வரவேணுமெண்டு கனக்கச் சீவிப்போட்டன்.”

“ஆருக்கு வடிவா?”

தவராசா அண்ணையின் கை முதுகில் நின்றுவிட்டது. “நாலு நாள் குழாயோட கிடந்தவ, பிள்ளை” என்றார். “அந்த மூண்டு துண்டுக்குத்தான்.” சத்தமே இல்லாமல் சொன்னார். பிறகு விறாந்தைக்குப் போனார். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அக்கா மூச்சு எடுத்துக்கொண்டார். “இப்ப என்ன வேணும்?”

“இண்டைக்கு எடுக்கிற தண்ணி. முழுக்க.”

“அது ஊத்தத்தானே எடுக்கினம். கொண்டுபோம்.” நான் திரும்பினேன். “நில்லும். இனிச் சீவிறதெண்டால் என்னட்டக் கேட்டிட்டுச் சீவும்.”

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தன்னுடைய நம்பரைச் சொன்னார். என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

பிளேன்ரீ நிறத்தில் இரண்டு போத்தல் தண்ணீர். அதில் இருந்து கடுகளவு படிவு, அதில் இருந்து ஒரு புளொக். உள்ளே கட்டி இருக்கிறதா என்று பார்க்க ஒன்று சீவித்தான் ஆக வேண்டும். சீவினால் குறையும். சீவாவிட்டால் மறுபடி வெறும் மெழுகு அனுப்பினவள் ஆவேன். மெஷினுக்கு முன்னால் இருந்து போன் எடுத்தேன்.

“அக்கா, ஒரு துண்டு சீவப்போறன்.”

“எதுக்கு?”

“கட்டி உள்ளுக்கு இருக்கோ எண்டு பாக்க.”

“ஒண்டுதானே?”

“பாக்கிறதுக்கு ஒண்டு. அந்த இருப்பிலயே சோதனைக்கு வேண்டியதையும் சீவி வச்சிடுவன். திரும்பப் பூட்டமாட்டன்.”

“வடிவா வராட்டி?”

“வடிவில்லாததையே வச்சுப் பாப்பம்.”

“அப்ப சீவும்.”

முதல் வந்த சீவலைப் பிடித்தேன். சுருக்கம், கீறல், மூலை மடிப்பு, மூன்றும் இருந்தது. என் வாழ்க்கையில் டொக்டரின் மேசையில் வைத்த மிக மோசமான கண்ணாடி அதுதான். அவர் நெடுநேரம் பார்த்தார். “அசிங்கமாய் இருக்கு” என்றார். “கட்டி இருக்கு. அனுப்பும்.”

முடிவு வரும்வரை அக்காவுக்கு இன்னும் இரண்டு தரம் தண்ணீர் எடுத்தார்கள். மொத்தத்தில் நான் அவரிடம் இருந்து எடுத்துக்கொண்டது ஐந்து கிழமை. இதைத் தீர்க்கும் படிவம் ஒன்றும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். கொழும்புக் குரல் ஒரு திங்கட்கிழமை வந்தது. நன்றி சொல்லவில்லை, அதனால் நல்ல செய்தி என்று விளங்கியது. அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“மச்சான்தான் அக்கா.”

“எனக்கு அப்பவே தெரியும். அந்தாளின்ர பூப்படத்தைப் பாத்தாலே தெரியும்.”

குளிசை தொடங்கி மூன்றாம் கிழமை தள்ளுகதிரை இல்லாமல் யன்னலுக்கு வந்தார். முகம் முழுக்கப் பரு. அந்தப் புரதம் தோலிலும் இருக்கிறது, குளிசை அங்கேயும் அதன் வாயை அடைக்கும், அதுதான் காரணம் என்று பவ்வியமாக விளக்கினேன். “நாப்பத்தேழு வயசில குமரிப் பரு” என்றார். “இந்தாள் பாத்துப் பாத்துச் சிரிக்குது. சுருட்டில்லாத வாய், வேற என்ன செய்யும்.” அண்ணை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்கு இன்னும் ஒரு வருடம் எடுத்தது.

பிறகு ஒரு நாள் காலையில் போன். எடுத்தால் ஒரே இரைச்சல்.

“கேக்குதோ?” என்று கத்தினார்.

“என்ன சத்தம் அக்கா?”

“ஓடலாமெண்டு நீர் சொன்ன மெஷின்.”

இந்த இடத்தில் கடிதத்தை முடித்தால் உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும். ஆனால் புரதங்கள் அம்மாவுக்காக வேலை செய்வதில்லை. அக்காவுக்கு அந்தக் குளிசை எங்கள் எல்லோரையும் வியக்க வைக்கும் அளவுக்கு, வருடக்கணக்கில் வேலை செய்தது. போன மாதம் இருமல் திரும்பி வந்திருக்கிறது. தண்ணீரும் கட்டியிருக்கிறது. தூக்கிவிடப்பட்ட மச்சான் உருவத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு புது நம்பரில் வந்திருக்கலாம். அல்லது வேறொரு புரதம் அவருடைய வேலையைப் பொறுப்பெடுத்திருக்கலாம். முதலாவது என்றால் அவருக்கு வேறு குளிசை இருக்கிறது. இரண்டாவது என்றால் வேறு வழி தேட வேண்டும். பழைய புளொக் இதைச் சொல்லாது, அது பழைய மச்சானைத்தான் அறியும். வியாழக்கிழமைப் போத்தல்தான் சொல்லும்.

ஆகவே கேளுங்கள். வாட்டுக்கு நீங்களே போய் நில்லுங்கள், போத்தல் தானாக நடந்து வராது. நீல வாளி இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதற்கு இடமாற்றம் கிடைக்கவில்லை. டொக்டர் என்னென்ன கேட்கப்போகிறார் என்பதை முதலே கேட்டு எழுதிக்கொண்டு, ஒரே இருப்பில் எல்லாவற்றையும் சீவுங்கள். அசிங்கமாக வந்தால் சந்தோசப்படுங்கள். ஏதும் பிழைத்தால், பிழைத்தது யார் கையில் என்று எழுதுங்கள். அந்தப் படிவக் கோட்டில் இடம் போதாது என்று சொல்லாதீர்கள், உங்கள் பெயர் கொள்ளும் அளவுக்கு நீளம்தான், நான் அளந்து பார்த்திருக்கிறேன்.

மெஷினுக்கு மேலே ஒரு காகிதத் துண்டில் அக்காவின் நம்பர் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் ‘கேட்டுச் சீவவும்’ என்று எழுதியிருக்கும். போன கிழமை விடைபெற அவருக்குப் போன் எடுத்தேன்.

“நீர் போனால் என்னட்ட ஆர் கேக்கிறது?”

“புதுசா ரெண்டு பேர் வந்திருக்கினம் அக்கா. சொல்லிப்போட்டுத்தான் போவன்.”

“என்ன வகுப்பு?”

“ரெண்டு பேரும் முதல் வகுப்பு.”

“அப்ப நான் வாட்டில வச்சே அவையளோட ஒருக்கா கதைக்கோணும்” என்றார்.

கதைப்பார். தயாராக இருங்கள். சிரிக்க வேண்டிய இடம் எது என்று தெரியாவிட்டால் சிரிக்காதீர்கள்.

கொழும்புக் குரல் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள். அவளுடைய கதிரையில்தான் எனக்கு இடம். உங்கள் பெட்டி வந்தால் அதைத் திறப்பது நான். உள்ளே கட்டி இருந்தால் என்னிடம் இருந்து ஒரு சத்தமும் வராது, வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெறும் மெழுகாக இருந்தால் அன்றைக்கே போன் அடிக்கும். எடுத்தவுடன் நன்றிதான் சொல்வேன்.